போருக்குப் போன லாரிக்குப் புதுக் கியர்!

காரைக்காலில் மலை கிடையாது.

கிழக்கே வங்கக் கடல். மற்றப் பக்கம் எல்லாம் வயல்வெளி. அரசலாறு, நாட்டாறு, திருமலைராயன் ஆறு என்று ஆறுகள் உண்டு. அந்த ஆற்றுப் பாலங்களின் ஏற்றம்தான் அந்தப் பக்கத்து லாரிக்கு மலை!

இப்படிப்பட்ட தரையில் லாரி ஓட்டுகிறவருக்கு என்ன வேண்டும்? ஒரே சீராக, வேகமாக ஓடும் வண்டி வேண்டும்.

ராணுவ லாரி அப்படிப்பட்டதல்ல. அது சேற்றில் இறங்கும். மணலில் ஏறும். பீரங்கியை இழுக்கும். ஆனால் தார் ரோட்டில் விட்டால் உறுமும், வேகம் எடுக்காது.

அந்த லாரியைச் சிலர் வேகமாக ஓட வைத்தார்கள். எப்படி? எஞ்சினைத் தொடாமல், கியர் பெட்டியை மட்டும் மாற்றி!

அது நடக்கிற காரியமா? நடக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்று தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து!

லட்சக்கணக்கில் லாரிகள்

இரண்டாவது உலகப் போர் 1939-ல் தொடங்கி 1945-ல் முடிந்தது. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செய்த வேலையை அந்தப் போரில் பெரும்பாலும் லாரிகள் செய்தன.

அமெரிக்காவின் ஜி.எம்.சி. கம்பெனி ஒரு லாரி செய்தது. இரண்டரை டன் லாரி என்று அதற்குப் பெயர். பத்து டயர். மூன்று அச்சு. மூன்று அச்சுகளுக்கும் எஞ்சினின் இழுப்பு போகும். இந்த ரகத்தில் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான லாரிகள் தயாராயின.

கனடாவும் சும்மா இருக்கவில்லை. போர்க் காலத்தில் அந்த நாடு 8 லட்சத்துக்கும் அதிகமான ராணுவ வண்டிகளைச் செய்து குவித்தது. போர்டு, செவர்லே கம்பெனிகள் செய்த சப்பை மூக்கு லாரிகள் அவற்றில் முக்கியமானவை. அவை இந்தியாவுக்கும் ஏராளமாக வந்தன.

எதற்காக வந்தன? ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்துவிட்டது. சீனாவுக்குச் சாமான் போகும் வழி அடைபட்டது. அசாமில் உள்ள லெடோ என்ற ஊரிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டிப் புது ரோடு போட்டார்கள். 1945 ஜனவரி 12-ந் தேதி லெடோவிலிருந்து முதல் லாரி வரிசை புறப்பட்டது. பிப்ரவரி 4-ந் தேதி சீனாவின் குன்மிங் நகரத்தை அடைந்தது. தூரம் சுமார் 1,700 கிலோ மீட்டர்!

அந்த ரோட்டில் வேகத்துக்கு வேலை இல்லை. சேற்றில் சிக்காமல், மலையில் பின்னுக்கு உருளாமல் போனால் போதும்.

போர் முடிந்தது. லாரிகள் மிஞ்சின!

ஏலத்துக்கு வந்த வண்டிகள்

அமெரிக்கா தன் லாரிகளைத் திரும்பக் கொண்டுபோக விரும்பவில்லை. கப்பல் செலவே கட்டாது. 1946-ல் இந்திய சர்க்காருடன் உடன்பாடு செய்துகொண்டு, இங்கே மிஞ்சியதை இங்கேயே விட்டுவிட்டது. அவை விற்பனைக்கு வந்தன. “டிஸ்போசல் சரக்கு” என்ற பெயர் ஜனங்களிடம் பரவியது.

அப்போது நாட்டில் வண்டிப் பஞ்சம். போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி வாயுவில் பஸ் ஓடிய காலம் அது. பஸ்ஸின் பின்னால் அடுப்பு போல ஒரு கொப்பரை இருக்கும். அதில் அடுப்புக் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். புது லாரி வாங்குவது குதிரைக் கொம்பு.

அதனால் ராணுவ லாரிக்கு மவுசு ஏற்பட்டது. பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார்கள். மரத்தில் கூண்டு கட்டினார்கள். மிலிட்டரி லாரி, மூட்டை ஏற்றும் லாரியாயிற்று. சில இடங்களில் பஸ்ஸும் ஆயிற்று.

இந்தியாவில் மட்டுமல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, “ஜீப்னி” என்ற பஸ்ஸாக்கினார்கள். மலேயாக் காடுகளில் பழைய ராணுவ லாரிகள் மரம் இழுக்கப் போயின. அவற்றுக்குச் சீனத் தொழிலாளர்கள் வைத்த பெயர் “சான் டாய் வாங்”. மலை ராஜா என்று பொருள்!

மலையில் ராஜாதான். ஆனால் சமவெளியில்?

ஏன் வேகம் இல்லை?

சைக்கிளை நினைத்துப் பாருங்கள்.

மிதிக்கிற இடத்தில் ஒரு பல்சக்கரம். பின் சக்கரத்தில் ஒரு பல்சக்கரம். பின்னால் உள்ளது பெரிதாக இருந்தால் மிதிப்பது சுலபம்; மேட்டில் ஏறலாம். ஆனால் காலைச் சுழற்றிச் சுழற்றி மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் போகும். பின்னால் உள்ளது சிறிதாக இருந்தால் வண்டி பறக்கும். ஆனால் மிதிக்கக் கால் வலிக்கும். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

லாரியிலும் இதே கணக்குத்தான்.

ஜி.எம்.சி. லாரியில் மிகச் சிறிய கியரைப் போட்டால், எஞ்சின் சுமார் 105 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும்! அதனால்தான் அதற்கு அவ்வளவு இழுப்பு.

நாலாவது கியரில் எஞ்சின் ஏழே முக்கால் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதாவது, கியர் பெட்டிக்குள் எந்த மாற்றமும் இல்லை. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவே கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டும் சுற்றும். இதை “டைரக்ட்” கியர் என்பார்கள்.

ஐந்தாவது கியர் வேறு. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், தண்டு ஒன்றே கால் சுற்றுச் சுற்றும். இதற்கு “ஓவர்டிரைவ்” என்று பெயர். ஜி.எம்.சி. லாரி இந்த ஐந்தாவது கியரில் மணிக்கு 45 மைல் ஓடும். அதாவது 72 கிலோ மீட்டர். நாலாவது கியரிலேயே ஓட்டினால் 58 கிலோ மீட்டரைத் தாண்டுவது கடினம்.

கனடாவின் சப்பை மூக்கு லாரிகளுக்கு இந்த ஐந்தாவது கியர் இல்லை. நாலே கியர். நாலாவது, டைரக்ட்.

ரகசியம் இப்போது விளங்கும். நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு, ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டியை வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் அதே எஞ்சின்தான். சத்தமும் அதே சத்தம்தான். ஆனால் வண்டியின் வேகம் கால் பங்கு கூடிவிடும்!

ஏன் கியர் பெட்டி?

வேகத்தைக் கூட்ட வேறு வழியும் உண்டு. பின் அச்சின் நடுவே உருண்டையாக ஒரு பகுதி இருக்கும். அதற்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள். அவற்றை மாற்றினாலும் வேகம் கூடும்.

ஆனால் ராணுவ லாரியில் அதில் ஒரு சங்கடம். அதற்கு ஓட்டும் அச்சு ஒன்றல்ல. இரண்டு அல்லது மூன்று. எல்லா அச்சிலும் ஒரே கணக்கான பல் இருக்க வேண்டும். பின் அச்சை மட்டும் மாற்றிவிட்டு, முன் அச்சைப் பழையபடி விட்டால் என்ன ஆகும்? முன் சக்கரம் ஒரு வேகத்தில் போகப் பார்க்கும். பின் சக்கரம் வேறு வேகத்தில் போகப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கு நிற்கும். கடைசியில் பல் உடையும். அல்லது தண்டு முறுக்கிக்கொள்ளும்.

கியர் பெட்டி எஞ்சினுக்கு அடுத்தபடியாக உள்ளது. அங்கே செய்யும் மாற்றம் எல்லா அச்சுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும். அதனால்தான் மெக்கானிக்குகள் கியர் பெட்டியில் கை வைக்கிறார்கள்.

பட்டறை வேலை

இதைக் கேட்க எளிதாகத் தோன்றும். செய்வது எளிதல்ல.

புதுக் கியர் பெட்டியின் முன் தண்டில் பள்ளம் பள்ளமாகப் பல் வெட்டியிருக்கும். அது கிளட்ச் தட்டில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தட்டை மாற்ற வேண்டும்.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே மணி போன்ற ஒரு மூடி. இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் துளைகள் ஒத்து வராது. நடுவில் ஓர் இரும்புத் தகடு வைத்து, லேத்தில் கடைந்து, துளை போட வேண்டும். ஒரு நூல் அளவு மையம் தப்பினாலும் போச்சு! பேரிங் தேயும். கியர் தானாகக் கழன்று விழும்.

ஐந்து கியர் பெட்டி சற்று நீளம். அதனால் பின்னால் போகும் நீளத் தண்டை வெட்டிக் குறைக்க வேண்டும். வெட்டி ஒட்டிய தண்டு நேராக இருக்க வேண்டும். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஓவர்டிரைவில் அந்தத் தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுகிறது. பழைய வேகத்தில் சும்மா இருந்த தண்டு, புது வேகத்தில் சாட்டை போல அதிரும். அறுந்து விழுந்தால், ரோட்டில் குத்தி வண்டியையே புரட்டிவிடும்!

டீசல் வந்தது

1950-களில் இன்னொரு மாற்றம் வந்தது. பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைக்கத் தொடங்கினார்கள். டீசல் செலவு குறைவு. இப்படி மாற்றி வைப்பதற்குப் பேர் பெற்றது இங்கிலாந்தின் பெர்கின்ஸ் பி-6 எஞ்சின். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி, பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை 1950-களில் இங்கேயே செய்ய ஆரம்பித்தது.

செலவு குறைந்தது. ஆனால் வேகமும் குறைந்தது!

காரணம் என்ன? ஜி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,750 சுற்று வரை போகும். பி-6 டீசல் எஞ்சின் 2,400 சுற்றோடு நின்றுவிடும். கியரை மாற்றாவிட்டால், வண்டியின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். போனதைத் திரும்பப் பெற ஒரே வழி, கியரின் கணக்கை மாற்றுவதுதான்.

பிற்காலத்திலும் இதே கதைதான் நடந்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் “ஜோங்கா” என்ற ஜீப் தயாரானது. ஜப்பானின் நிசான் கம்பெனி வண்டியைப் பார்த்துச் செய்தது. சுமார் 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும்! ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்களை ஏலத்தில் எடுத்தவர்கள், பலர் டீசல் எஞ்சின் வைத்தார்கள். அதோடு ஐந்து கியர் பெட்டியும் வைத்தார்கள்.

இந்த வண்டிகளின் மீதுள்ள ஆசை இன்னும் தீரவில்லை. 2019-ல் கிரிக்கெட் வீரர் டோனி ஒரு பழைய பச்சை ஜோங்காவை வாங்கி ராஞ்சி நகரத் தெருவில் ஓட்டினார். பத்திரிகைகளில் படம் வந்தது.

பூட்டை உடைத்த டிரைவர்கள்

வேகத்துக்காக ராணுவ லாரியில் கை வைத்த முதல் ஆட்கள் பட்டறைக்காரர்கள் அல்ல. ராணுவ டிரைவர்களேதான்!

1944-ல் பிரான்ஸ் நாட்டில் நேச நாட்டுப் படை வேகமாக முன்னேறியது. அதற்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோக லாரிகளை அனுப்பினார்கள். “ரெட் பால் எக்ஸ்பிரஸ்” என்று அதற்குப் பெயர். ஆகஸ்டு 25-ந் தேதி தொடங்கி நவம்பர் 16-ந் தேதி வரை இரவும் பகலும் ஓடியது. சுமார் 6 ஆயிரம் வண்டிகள். டிரைவர்களில் நாலில் மூன்று பேர் அமெரிக்காவின் கறுப்பு இன வீரர்கள்.

மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது உத்தரவு. லாரி எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் “கவர்னர்” என்ற பூட்டும் இருந்தது. முன்னால் போர்முனையில் வீரர்கள் காத்திருக்கிறார்கள். டிரைவர்கள் என்ன செய்தார்கள்? பூட்டைக் கழற்றிவிட்டுப் பறந்தார்கள்!

படைக்குப் பெட்ரோல் போய்ச் சேர்ந்தது. ஆனால் லாரிகள் தேய்ந்து போயின. டயர்கள் கிழிந்தன. தூக்கம் இல்லாத டிரைவர்கள் விபத்தில் சிக்கினார்கள்.

அது போர்க் காலம். அவசரத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

20 நிமிடக் கணக்கு

சமாதான காலத்தில் என்ன அவசரம்?

காரைக்காலிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் சுமார் 95 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் நிற்காமல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 58 கிலோ மீட்டர் போனால் 1 மணி 38 நிமிடம் ஆகும். 72 கிலோ மீட்டர் போனால் 1 மணி 19 நிமிடம் ஆகும். மிச்சம் 20 நிமிடம் கூட இல்லை.

அதுவும் ஏட்டுக் கணக்குத்தான். வழியில் கடைத்தெரு வரும். பாலம் வரும். நெல் உலர்த்தியிருப்பார்கள். மாடு குறுக்கே வரும். 1954 நவம்பர் 1-ந் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேரும் வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. எல்லையில் சுங்கச் சாவடி! எவ்வளவு வேகமாக வந்த லாரியும் அங்கே நின்றாக வேண்டும். இப்போது சாவடி இல்லை. ஆனால் ஜன நெருக்கம் உண்டு.

அந்த 20 நிமிடத்துக்காகக் கொடுப்பது என்ன?

முதலாவது, இழுப்பு. வேகம் கால் பங்கு கூடினால், அந்தக் கியரில் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். காலி வண்டியில் தெரியாது. முழுப் பாரம் ஏற்றிக் கடல் காற்றை எதிர்த்து ஓட்டினால் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில், ஐந்தாவது கியர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்!

இரண்டாவது, டயர். ராணுவ டயரின் பெரிய பெரிய கட்டைகள் சேற்றுக்காக வைத்தவை. தார் ரோட்டில் வேகமாக ஓடினால் சூடேறும். சூடேறிய டயர் வெடிக்கும்.

மூன்றாவது, பிரேக். இதுதான் பெரிய ஆபத்து!

வேகம் கால் பங்கு கூடினால், நிறுத்தும் தூரமும் கால் பங்குதான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. வேகம் கால் பங்கு கூடினால், நிறுத்தும் தூரம் பாதிப் பங்குக்கு மேல் கூடும். பிரேக் போட்டதும் 100 அடியில் நின்ற லாரி, இப்போது 156 அடி ஓடித்தான் நிற்கும். அந்த 56 அடிக்குள் ஒரு சைக்கிள் வரலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வரலாம்.

கியர் பெட்டியை மாற்றியவர், பிரேக்கையும் மாற்றினாரா? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் போகக்கூடாது. எஞ்சினை மாற்றுவதென்றால் போக்குவரத்து அதிகாரியின் அனுமதி வேண்டும். 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது.

அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிக்கு மாறாக வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! இந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் காரைக்காலுக்கும் ஒன்றுதான்.

ஏலத்தில் ராணுவ வண்டி எடுக்க நினைப்பவர்கள், ஸ்பானரை எடுக்கும் முன் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது நல்லது. பணம் போட்டு மாற்றிய பிறகு வண்டியைப் பதிவு செய்ய முடியாமல் போனால், வாங்கிய கடன் மட்டும்தான் மிஞ்சும்.

திரும்பி வந்த பூட்டு

இன்னொரு செய்தி. 2015 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் சரக்கு லாரிகளுக்கு, வேகப் பூட்டு வைக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி செய்தது. மணிக்கு 80 கிலோ மீட்டருக்கு மேல் லாரி ஓடாது!

1944-ல் டிரைவர்கள் எந்தப் பூட்டைக் கழற்றி எறிந்தார்களோ, அதே பூட்டு திரும்பி வந்துவிட்டது. இன்றைய லாரியின் எஞ்சினுக்கு வேகம் போதாது என்பதல்ல காரணம். ரோட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

பழைய ராணுவ லாரிக்குப் புதுக் கியர் வைத்த மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். லேத்தையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனி என்ஜினீயர்கள் போட்ட கணக்கை மாற்றிப் போட்டார்கள். அவர்களில் நல்ல மேஸ்திரி யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அவர் பெருமை அடிக்க மாட்டார். கியரை மாட்டி முடித்ததும், முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்ப்பார்!